துர்பான் பாலைவனச் சோலை நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துர்பான் எங்கே இருக்கிறது?

சீனாவின் வடமேற்கில், துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்களான உய்குர் மக்களின் தாயகமான சின்ஜியாங்கில் இருக்கிறது. அதன் தலைநகர் உரும்சிக்குத் தென்கிழக்கே சுமார் 180 கி.மீ. தூரம். ஊருக்கு வடக்கே தியான் ஷான் மலைத்தொடரின் போக்தா பகுதி. அதன் உச்சி 5,445 மீட்டர். தெற்கே ஐதிங்கோல் என்ற உப்பு ஏரிப் படுகை, கடல் மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே கிடக்கிறது. சீனாவிலேயே மிகத் தாழ்ந்த நிலம் அதுதான். பனி மூடிய உச்சிக்கும் உப்புப் படுகைக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 150 கி.மீ. மட்டுமே. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் துர்பானின் வெயிலும் காற்றும் தண்ணீரும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பாதி புரிந்துவிடும்.

நிர்வாக எல்லை முழுவதையும் சேர்த்தால் மக்கள் தொகை 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பான்மையினர் உய்குர்கள். ஹான் (சீனாவின் பெரும்பான்மை இனம்), ஹூய் (சீன மொழி பேசும் முஸ்லிம்கள்) மக்களும் உண்டு.

பாலைவனச் சோலை என்றால் நடுவில் ஒரு குளம், சுற்றிலும் பேரீச்சை மரங்கள்தானே?

அது அரபு, வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களின் படம். துர்பானில் பேரீச்சை நிற்காது, குளிர்காலம் விடாது. இங்கே கண்ணில் படுபவை பாப்லர், முசுக்கட்டை, எல்ம் மரங்கள், பந்தல் பந்தலாகத் திராட்சை. நடுவில் இயற்கைக் குளம் எதுவும் இல்லை. மலையடிவாரத்திலிருந்து நிலத்துக்கு அடியில் தோண்டிக் கொண்டுவந்த தண்ணீர் எங்கே தலைகாட்டுகிறதோ, அங்கே பச்சை தொடங்குகிறது. கடைசி வாய்க்காலைத் தாண்டி ஒரு அடி வைத்தால் சரளைக்கல் பொட்டல்.

வெயில் உண்மையில் எவ்வளவு?

ஜூலையில் சராசரி பகல் உச்சம் 40°C-ஐ ஒட்டி இருக்கும். ஆண்டில் சுமார் 100 நாட்கள் 35°C-ஐத் தாண்டும். 2023 ஜூலை 16 அன்று துர்பான் எல்லைக்குள் இருக்கும் சான்பாவ் என்ற ஊரில் 52.2°C பதிவானது, சீனாவின் தேசிய உச்சம் அது. நிலத்தின் மேற்பரப்பு இன்னும் கொதிக்கும். 'எரிமலைகள்' என்று சில தமிழ்ப் பக்கங்களில் தவறாக எழுதப்படும் தீக்குன்றுகள் இந்தப் பள்ளத்தின் குறுக்கே சுமார் 100 கி.மீ. ஓடும் செந்நிற மணற்கல் வரிசை. எரிமலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உச்சிவேளையில் அந்தச் சரிவுகளின் தரை 70°C-ஐத் தாண்டுவதுண்டு. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், அடிப்பாகம் இளகிவிடும்.

இரவில் பாலைவனம் குளிர்ந்துவிடும் என்று படித்திருப்பீர்கள். துர்பானில் கோடை இரவுக்கு அது பொருந்தாது. பள்ளத்தில் தேங்கிய சூடான காற்று வெளியேற வழியில்லாததால் ஜூலை இரவிலும் 25°C-க்கு மேலேயே நிற்கும். மொட்டை மாடியிலும் பந்தலுக்கு அடியில் மண்மேடையிலும் மக்கள் படுத்து உறங்குவது அதனால்தான். ஜனவரியில் கதை தலைகீழ்: பகலிலேயே உறைநிலையை ஒட்டி நிற்கும், இரவில் -10°C வரை இறங்கும்.

சமவெளியில் எத்தனையோ பாலைவனம் இருக்க, இந்த ஒரு ஊர் மட்டும் ஏன் இவ்வளவு சூடு?

காரணம் ஒன்றல்ல. கடல் எந்தத் திசையிலும் அருகில் இல்லை. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் மலையின் வடசரிவு பிழிந்துகொள்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று, கீழே வரவர அழுத்தம் கூடி, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1°C வீதம் சூடேறும். 3,000 மீட்டர் உயரக் கணவாயில் 5°C ஆக இருந்த காற்று கடல் மட்டத்தில் 35°C ஆகிவிடும், வெயிலே படாமல். அதன்மேல் மேகமில்லா வானத்து வெயில். தரையில் ஈரம் இல்லாததால் அந்த வெப்பத்தில் ஒரு துளிகூட நீரை ஆவியாக்கச் செலவாவதில்லை. எல்லாம் மண்ணையும் காற்றையும் சூடாக்கவே போகிறது. சுற்றிலும் மலைச் சுவர். உள்ளே வந்த சூடு உள்ளேயே.

மழையே பெய்யாதா?

ஆண்டுக்குச் சராசரியாக 16 மி.மீ. அளவு. திறந்து வைத்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகக்கூடிய அளவோ 2,500 மி.மீ.-க்கும் மேல். சில நாட்களில் மேகத்திலிருந்து மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும், தரையைத் தொடுமுன் காய்ந்துவிடும்.

ஆனால் துர்பான்காரர்கள் மழைக்கு ஏங்குபவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பயிருக்குத் தண்ணீர் மலைப்பனியிலிருந்து வருகிறது. மழை வந்தால் கெடுதல்தான் அதிகம். வீடுகள் பச்சை மண் செங்கல்லில் கட்டியவை, கூரை தட்டை. அரை மணி நேரக் கனமழையில் கூரை ஒழுகி, சுவரடி கரையும். உலர்த்தப் போட்ட திராட்சையில் பூஞ்சை ஏறும். மொட்டை மலைச்சரிவு மழைநீரை உடனே உறிஞ்சாமல் காட்டாறாகக் கீழே அனுப்பிவைக்கும். அந்த வெள்ளம் கிணற்றுத் துளைகளுக்குள் இறங்கினால் பனிநீரைக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் தோண்டிய சுரங்கம் சேற்றால் அடைபட்டுவிடும்.

காற்று ஆபத்தானது என்கிறார்களே?

வெயிலைவிட ஆபத்தானது. வடக்கே சுங்காரியப் பள்ளத்தில் தேங்கும் குளிர்ந்த கனத்த காற்று, தாபான்செங் என்ற மலை இடைவெளி வழியாகத் தெற்கே கொட்டுகிறது. இடைவெளி குறுகலாக இருப்பதால் வேகம் எகிறும். அந்தப் பாதையில் பெரிய காற்றாலைப் பண்ணைகள் நிற்பதும் இதனால்தான். 2007 பிப்ரவரி 28 அன்று துர்பான் அருகே ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலின் 11 பெட்டிகளைக் காற்று கவிழ்த்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. காற்று மிகும் இடங்களில் இப்போது ரயில்பாதை ஓரமாகத் தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. எச்சரிக்கை வந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லை, ஆறு இல்லை. பிறகு தண்ணீர் எப்படி?

கரேஸ். ஈரானில் கனாத் என்றும் ஓமானில் ஃபலஜ் என்றும் வழங்கும் நிலத்தடி வாய்க்காலின் துர்பான் வடிவம். இந்தியாவில் பீதரிலும் புர்ஹான்பூரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு.

வேலை செய்யும் விதம் எளிது. மலையில் உருகும் பனிநீர் அடிவாரத்தை அடைந்ததும் சரளைக்குள் இறங்கி மறைகிறது. மேலே ஓடவிட்டால் வயலை எட்டுமுன் பாதி ஆவியாகிவிடும். ஆகவே அடிவாரத்தில் நீரோட்டம் தட்டும் ஆழம்வரை ஒரு தாய்க்கிணறு. அங்கிருந்து ஊர்ப்பக்கமாக, தரையின் சரிவைவிடக் குறைந்த சரிவில் ஒரு சுரங்கம். தரை வேகமாகத் தாழ்கிறது, சுரங்கம் மெதுவாகத் தாழ்கிறது. ஓரிடத்தில் இரண்டும் சந்திக்கும். அங்கே நீர் தானாக வெளியே வரும். இறைக்க ஆள் வேண்டாம், மாடு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு: தரை கிலோமீட்டருக்கு 20 மீட்டர் தாழ்கிறது, சுரங்கம் 2 மீட்டர் தாழ்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 18 மீட்டர். தாய்க்கிணறு 54 மீட்டர் ஆழம் என்றால் 3 கி.மீ. தள்ளி நீர் வெளிவரும். சுரங்கச் சரிவை இதைவிட அதிகமாக வைத்தால் நீர் வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும், கூரை தொங்கும். குறைத்தால் வண்டல் படிந்து அடைக்கும்.

உறுப்புகள் நான்கு. நேராக இறங்கும் கிணற்றுத் துளைகள். அவற்றை அடியில் இணைக்கும் சுரங்கம். சுரங்கம் வாய்திறந்த பிறகு வரும் திறந்த வாய்க்கால். கடைசியில் ஒரு சிறு குளம். துளைகளின் இடைவெளி மேற்பகுதியில் 30 முதல் 70 மீட்டர், ஊரை நெருங்க 10 முதல் 20 மீட்டர். தாய்க்கிணறுகளில் மிக ஆழமானவை 100 மீட்டரை நெருங்கும். சுரங்கம் ஒரு ஆள் குனிந்து போகிற அளவு: உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அகலம் தோள் இடிக்காத அளவு. விமானத்திலிருந்து பார்த்தால் பொட்டலில் வரிசை வரிசையாகத் தெரியும் மண் வளையங்கள் எல்லாம் இந்தத் துளைகளின் வாய்கள்.

அந்தக் காலத்தில் கருவிகள் இல்லாமல் நிலத்தடியில் எப்படி நேராகத் தோண்டினார்கள்?

மேலே இரண்டு துளை வாய்களுக்கு நடுவே கயிறு கட்டித் திசை பிடிப்பார்கள். துளை வாயின் குறுக்கே, அந்தத் திசையை நோக்கி ஒரு கழி. கழியின் இரு முனைகளிலிருந்தும் கனம் கட்டிய கயிறுகள் கீழே தொங்கும். அடியில் நிற்பவர் அந்த இரண்டு கயிறும் ஒன்றாகத் தெரியும்படி பார்த்தால் அதுவே அடுத்த துளையின் திசை. பிறகு எண்ணெய் விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, எதிரே விழும் தன் நிழலின் நடுவைப் பார்த்து வெட்டிக்கொண்டே போவார். நிழல் ஒரு பக்கம் சாய்ந்தால் வழி பிசகுகிறது என்று பொருள். விளக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு: சுடர் சுருங்கினால் காற்று கெட்டுவிட்டது, உடனே மேலேற வேண்டும்.

வெட்டிய மண் தோல் பையிலோ கூடையிலோ ஏறும். மேலே மரக் கப்பி. ஆழம் குறைவென்றால் ஆள், அதிகமென்றால் மாடு இழுக்கும். வந்த மண்ணைத் துளையைச் சுற்றி வளையமாகக் கொட்டுவார்கள். அது சும்மா போட்ட குப்பைமேடு இல்லை, காட்டாற்று வெள்ளம் உள்ளே புகாமல் தடுக்கும் கரை.

கரேஸில் என்னென்ன கோளாறுகள் வரும்?

முதலாவது துளை வாய் சரிவது. குளிர்காலத்தில் சுரங்கத்திலிருந்து ஈரமான, ஒப்பளவில் வெதுவெதுப்பான காற்று மேலெழும். அது வாயருகே உறைந்து, மறுபடி உருகி, மண்ணை உதிர்க்கும். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் துளை புனல் போல விரிந்து உள்ளே விழும். அதனால் குளிர் தொடங்குமுன் ஒவ்வொரு வாயையும் கட்டை, வைக்கோல், மண் போட்டு மூடுவது வழக்கம்.

இரண்டாவது சுரங்கக் கூரை இடிவது. சரளையும் மணலும் கலந்த இடங்களில் மரச்சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். இப்போது சிமென்ட் வளையங்களும் உண்டு. மூன்றாவது வண்டல். குளிர்ந்த நீரில் நின்று வாரியெடுக்கும் அந்த வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. தெரிந்த கைகள் முதியவர்களிடமே மிஞ்சியிருக்கின்றன.

இவை எல்லாம் பழைய கோளாறுகள், பழைய தீர்வுகளும் இருந்தன. புதியது நிலத்தடி நீர்மட்டம் இறங்குவது. மின்மோட்டார் கிணறுகள் பெருகியதும், தாய்க்கிணறு தட்டிய மட்டத்துக்குக் கீழே நீர் போய்விட்டது. மேல்நோக்கி இன்னும் நீட்டித் தோண்டலாம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் துளை ஆழமாகும், செலவு ஏறும், ஒரு கட்டத்தில் கட்டுப்படியாகாது. 1950-களில் துர்பான் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேல் கரேஸ்கள் நீர் தந்தன. 2000-களின் தொடக்கத்தில் சுமார் 400. அதன்பின் இன்னும் குறைந்திருக்கின்றன. அரசு பாதுகாப்புச் சட்டம் போட்டுத் தூர்வாருகிறது; ஆனால் மட்டம் இறங்கிய பிறகு சுரங்கத்தை எவ்வளவு அழகாகச் சுத்தம் செய்தாலும் நீர் வராது.

கரேஸைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் ஒரு குறையும் உண்டு. அதற்கு மூடும் குழாய் கிடையாது. விதைப்பு இல்லாத குளிர்காலத்திலும் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். தேவைக்கு மீறிய அந்த நீர் தெற்கே ஐதிங்கோல் பக்கம் போய் உப்பில் முடிந்தது. மோட்டார் கிணற்றை விவசாயி விரும்பியதற்குச் சோம்பல் காரணமல்ல. வேண்டியபோது வேண்டிய அளவு கிடைத்தது.

கரேஸைக் கண்டுபிடித்தது யார்?

மூன்று கட்சிகள். பாரசீகத்திலிருந்து வந்தது என்பது ஒன்று. ஹான் வம்சம் ஆண்ட, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீனத்தில் கிணறுகளை அடியில் இணைத்து வெட்டிய கால்வாயிலிருந்து வந்தது என்பது இரண்டு. இங்கேயே உருவானது என்பது மூன்று. துர்பானில் பரவலான எழுத்துச் சான்று சிங் வம்ச காலத்தில்தான் (1644–1912) கிடைக்கிறது. அதுவே பாரசீகக் கட்சிக்குக் கொஞ்சம் வலுச் சேர்க்கிறது. அபினியை அழித்து ஆங்கிலேயரோடு போருக்கு வழிவகுத்த அதிகாரி லின் சேஷு, அதன்பின் சின்ஜியாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். 1845-இல் துர்பான் வழியாகப் போனபோது கரேஸ்களைக் கண்டு வியந்து, பரப்புவதற்கு ஊக்கம் கொடுத்தார். அதனால் சிலர் அவரையே கண்டுபிடிப்பாளராக்கி விடுகிறார்கள். அவர் வருமுன்பே கரேஸ்கள் இருந்தன.

திராட்சையை ஏன் வெயிலில் காயவைக்காமல் அறைக்குள் உலர்த்துகிறார்கள்?

நிறத்துக்காக. நேர் வெயில் பட்டால் பச்சையம் சிதைந்து பழுப்பாகிவிடும். துர்பானின் பெயர் பெற்ற விதையில்லாப் பச்சை உலர் திராட்சை நிழலும் சூடான காற்றும் சேர்ந்து செய்தது.

உலர்த்தும் அறைகள் மேடுகளிலும் வீட்டு மாடிகளிலும், காற்று தடையின்றி வரும் இடமாகப் பார்த்துக் கட்டப்படும். மண்செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியதால் சுவர் முழுக்க ஓட்டை. உள்ளே கிளைகள் அடித்த கம்பங்கள் நிற்கும், அவற்றில் குலைகளைக் கீழிருந்து மேலாக மாட்டுவார்கள். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி 30 முதல் 45 நாட்கள். ஏறத்தாழ 4 கிலோ பழம் 1 கிலோவாகச் சுருங்கும். தாமதமில்லாமல் முடிக்க, இப்போது பலர் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த கரைசலில் பழத்தை முக்கியெடுக்கிறார்கள். தோலின் மெழுகுப் பூச்சு கரைந்து ஈரம் விரைவாக வெளியேறும்.

கெடுவது எங்கே? இனிப்பு ஏறுமுன் பறித்தால் காய்ந்த பிறகு சதை இல்லாமல் தோல் மட்டும் மிஞ்சும். குலைகளை நெருக்கி மாட்டினால் நடுவில் காற்றுப் போகாமல் அழுகும். மணற்புயல் வந்தால் சுருக்கங்களுக்குள் புழுதி உட்கார்ந்துவிடும். அதனால் சந்தையில் தளர்வாக வாங்கியதை வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசுங்கள். கண்ணைப் பறிக்கும் ஒரே சீரான பச்சையில் இருந்தால் கந்தகப்புகை காட்டியிருக்கலாம். முகர்ந்து பார்த்து வாங்குங்கள். இயற்கையான நிழல் உலர்வில் பச்சைக்கு நடுவே மஞ்சளும் இளம்பழுப்பும் கலந்தே இருக்கும்.

குளிர்காலத்தில் போனேன், திராட்சைத் தோட்டமே காணோம். அழித்துவிட்டார்களா?

புதைத்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் கொடிகளைக் கவாத்து செய்து, பந்தலிலிருந்து இறக்கி, நிலத்தோடு படுக்கவைத்து, மேலே ஒரு முழத்துக்குக் குறையாமல் மண் போடுவார்கள். மார்ச் வாக்கில் தோண்டியெடுத்து மறுபடி ஏற்றுவார்கள். -10°C குளிரைவிடக் கொடியைக் கொல்வது வறண்ட குளிர்காற்று. மூடிக் காக்கப் பனிப்போர்வையும் இங்கே இல்லை. முன்கூட்டியே மூடினால் மண்ணுக்குள் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். தாமதித்தால் கொடி விறைத்து, வளைக்கும்போது முறியும்.

துர்பானின் வரலாறு எவ்வளவு பழையது?

யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகள் ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழையவை. உலகில் கிடைத்த கால்சட்டைகளில் மிகப் பழையவற்றுள் சேரும். அங்கேயே ஒருவரின் தலைமாட்டில் 789 கிராம் கஞ்சா 2,700 ஆண்டுகளாகக் கெடாமல் இருந்தது. 2,300 ஆண்டுப் பழைய திராட்சைக் கொடித் துண்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் சீன நூல்களில் பதிவாகும் முதல் அரசு ஜூஷி. தலைநகர் ஜியாவ்ஹே. ஹான் பேரரசும் வடக்கே சியோங்னு நாடோடிகளும் இந்தச் சோலைக்காக மாறி மாறி அடித்துக்கொண்டன. மணலையும் மலையையும் கடந்து வரும் குதிரைப்படைக்கு நீரும் தீவனமும் கிடைக்கும் முக்கியமான இடம் இது. வைத்திருப்பவன் கையில் பட்டுப்பாதையின் வடகிளை. ஹான் படை கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் கிழக்கே போட்ட பாசறை காவோசாங் நகரமாக வளர்ந்தது. கி.பி. 460-இலிருந்து அது தனி அரசு. சூ குடும்பம் சுமார் 140 ஆண்டுகள் ஆண்டது. 640-இல் சீனாவின் டாங் பேரரசு பிடித்தது. 9-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் புல்வெளியிலிருந்து விரட்டப்பட்ட உய்குர்கள் வந்து கோச்சோ அரசை நிறுவினார்கள். பாரசீகத்தில் தோன்றிய மானி சமயம், பௌத்தம், கிழக்குத் திருச்சபைக் கிறிஸ்தவம் மூன்றும் அந்த ஊரில் ஒரே காலத்தில் இருந்தன. 1209-இல் உய்குர் அரசர் செங்கிஸ்கானிடம் போரின்றி இணங்கினார். உய்குர் எழுத்தை மங்கோலியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் மங்கோலிய இளவரசர்களின் சண்டைகளில் இரண்டு பழைய நகரங்களும் பாழாயின. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கிஸ்கானின் மகன் சகதாயின் வழிவந்த கான் (அரசர்) கிஸ்ர் கோஜா காலத்தில் இஸ்லாம் நிலைபெற்றது. 1778-இல் எழுப்பி முடித்த 44 மீட்டர் உயர எமின் மினார், சிங் பேரரசோடு கூட்டுச் சேர்ந்த எமின் கோஜாவின் பெயரில் அவர் மகன் சுலைமான் முடித்தது. முழுக்க மண்நிறச் செங்கல்; அலங்காரம் செங்கல்லை அடுக்கிய விதத்திலேயே இருக்கிறது.

யுவான் சுவாங் இங்கே சிறைப்பட்டார் என்பது உண்மையா?

சிறை என்று சொல்ல முடியாது, அன்புத்தொல்லை. சுமார் 630-இல் காவோசாங் வந்த அவரை அரசர் சூ வென்தாய் ஊரிலேயே குருவாக இருத்திவிடப் பார்த்தார். யுவான் சுவாங் உண்ணாநோன்பு தொடங்கியதும் அரசர் பணிந்தார். திரும்பும்போது மூன்று ஆண்டுகள் தங்கிப் போதிக்க வேண்டும் என்ற வாக்கை வாங்கிக்கொண்டு, வழியிலுள்ள அரசர்களுக்கு 24 கடிதங்களும் குதிரைகளும் பட்டும் பொன்னும் கொடுத்து அனுப்பினார். அந்த உதவி இல்லாமல் அவர் மத்திய ஆசியாவைத் தாண்டியிருப்பது கடினம். 640 வாக்கில் அவர் பல்லவர்களின் காஞ்சிபுரத்தில் இருந்தார். ஏறத்தாழ அதே நேரத்தில் டாங் படை நெருங்க, சூ வென்தாய் இறந்தார், அரசும் முடிந்தது. திரும்பும் வழியில் வாக்கைக் காப்பாற்ற அங்கே அரசர் இல்லை. யுவான் சுவாங் தெற்குப் பாதை வழியாகவே சீனம் போனார்.

ஆயிரம் ஆண்டுப் பழைய காகிதம் இவ்வளவு எப்படித் தப்பியது?

பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஈரம் வேண்டும், இங்கே இல்லை. இன்னொரு காரணம் சிக்கனம். காவோசாங் அருகிலுள்ள அஸ்தானா கல்லறைகளில் இறந்தவர்களுக்குப் போட்ட காலணி, தொப்பி, இடைவார் எல்லாம் கழித்துப்போட்ட அலுவலகத் தாளிலிருந்து வெட்டியவை. காலணியைப் பிரித்து ஒட்டினால் கடன் பத்திரம், வரிக்கணக்கு, நீதிமன்ற வாக்குமூலம் வருகிறது. இறந்துபோன அண்ணன் ஒரு சீன வணிகருக்குக் கொடுத்த 275 சுருள் பட்டைத் திருப்பிக் கேட்டு, மத்திய ஆசியாவின் சோக்திய வணிக இனத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் தொடுத்த டாங் கால வழக்கு இப்படிக் கிடைத்ததுதான். மாவில் மடித்துச் செய்த கொழுக்கட்டை போன்ற டாங் காலத் தின்பண்டமும் வடிவம் குலையாமல் கிடைத்திருக்கிறது.

தீக்குன்றுகளில் குடைந்த பெசெக்லிக் பௌத்தக் குகைகளின் கதி வேறு. 1902-க்கும் 1914-க்கும் இடையே வந்த நான்கு ஜெர்மானியக் குழுக்களில் ஆல்பர்ட் வான் லெ காக், சுவரோவியங்களை ரம்பத்தால் அறுத்துப் பெட்டியில் கட்டி பெர்லினுக்கு அனுப்பினார். பாதுகாப்புக்காக என்றார். அருங்காட்சியகச் சுவரில் இறுகப் பதித்த பெரிய ஓவியங்களைக் கழற்ற முடியாமல், இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அவை தூளாயின. இன்று குகைக்குள் போனால் வெட்டிய தழும்புகளையே அதிகம் பார்ப்பீர்கள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

ஜியாவ்ஹே, காவோசாங் இரண்டில் ஒன்றுதான் பார்க்க நேரம். எது?

ஜியாவ்ஹே. நகரத்துக்கு மேற்கே 10 கி.மீ. இரண்டு ஆற்றுப் பள்ளங்களுக்கு நடுவே இலை வடிவ மேடு, நீளம் சுமார் 1,650 மீட்டர், சுற்றிலும் 30 மீட்டர் செங்குத்துச் சரிவு. மதில் தேவைப்படவில்லை. கட்டடங்களில் பெரும்பகுதி மேலே எழுப்பாமல் மேட்டை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தவை. தெருவும் முற்றமும் அறையும் ஒரே மண். காவோசாங் கிழக்கே 40 கி.மீ.-க்கு மேல்; பரப்பு பெரிது, மதிலின் சுற்றளவு 5 கி.மீ.-க்கு மேல், ஆனால் பழைய சுவர் மண்ணை உரத்துக்காக விவசாயிகள் எடுத்துப்போனதால் உள்ளே குலைந்து கிடக்கிறது. இரண்டும் 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. முழு நாள் இருந்தால் காவோசாங், அஸ்தானா, பெசெக்லிக், தொயுக் கிராமம் நான்கும் ஒரே கிழக்குச் சுற்றில் அடங்கும்.

எப்போது போகலாம்? என்ன கவனம் வேண்டும்?

செப்டம்பர், அக்டோபர் முதல் வாரம். பழமும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். கோடையில் போனால் பார்வையிடலை வெயில் ஏறாத காலையிலும் தணிந்த மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சூட்சுமம்: சீனா முழுவதும் பெய்ஜிங் நேரம்தான், ஆனால் துர்பானில் சூரியன் உச்சிக்கு வருவது பெய்ஜிங் நேரம் பிற்பகல் 2-ஐ ஒட்டி. உள்ளூரில் இரண்டு மணி நேரம் பிந்திய சின்ஜியாங் நேரமும் புழங்குகிறது. வண்டிக்காரரிடம் நேரம் பேசும்போது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் உடனே ஆவியாவதால் நீர் இழப்பது தெரியாது. ஆளுக்கு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர், கூடவே உப்புச்சர்க்கரைக் கரைசல். சிறுநீர் அடர்மஞ்சளானால் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். கைபேசியையும் பவர் பேங்கையும் வண்டிக்குள் விட்டுப் போகாதீர்கள். மூட்டுவலிக்குச் சூடான மணலில் புதைக்கும் வைத்தியம் கோடையில் பிரபலம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும், சோதனைச் சாவடிகள் உண்டு. 2017 முதல் உய்குர்கள் பெருமளவில் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டதைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்றது அது. சீன அரசு மறுக்கிறது. உள்ளூர்க்காரர்களிடம் அரசியலோ மதமோ பேச்செடுத்தால் விளைவு அவர்களைத்தான் சேரும், ஆகவே நீங்களாகத் தொடங்காதீர்கள்.

எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும்?

துர்பான் வடக்கு. 2014-இல் அதிவேகப் பாதையோடு வந்தது, உரும்சியிலிருந்து ஒரு மணி நேரம், ஊருக்கும் விமான நிலையத்துக்கும் அருகில். வெறும் 'துர்பான்' என்று சீட்டு எடுத்தால் பழைய நிலையமான தாஹேயானில் இறங்குவீர்கள். அங்கிருந்து ஊர் சுமார் 50 கி.மீ.

சைவம் கிடைக்குமா?

கேட்டுச் சாப்பிட்டால் கிடைக்கும். லக்மான் நூடுல்ஸை இறைச்சி இல்லாமல் காய்கறி மட்டும் போட்டுச் செய்து தருவார்கள். போலோ சோறு ஆட்டுக் கொழுப்பில் வெந்தது, சம்சாவுக்குள் இறைச்சி, இரண்டையும் விட்டுவிடுங்கள். நான் ரொட்டியில் சிலவகைக்குக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, வாங்குமுன் கேளுங்கள். தயிர், முலாம்பழம், திராட்சை, ரொட்டி என்று ஒரு வேளையை ஓட்டுவது உள்ளூர்க்காரர்களுக்கே பழக்கம்தான்.